ஜிடி காரும் கெட்டித்தோல் எலுமிச்சையும்

1

என் தம்பி முருகேசன் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரம் எங்களோடு இருந்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் பழனிசெட்டிபட்டி டீக்கடையில் ஒரு கதை, போடி ஜீப் ஸ்டாண்டில் ஒரு கதை, எங்கள் சித்தி வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒரு கதை என்று மூன்று கதைகள் ஓடுகின்றனவாம். ஒன்றில் என் மகள் கார் பந்தயத்தில் ஜெயித்துவிட்டாள். இன்னொன்றில் வெள்ளைக்காரர்கள் வயிற்றெரிச்சலில் பரிசைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாவதில் முருகேசனை இங்கிலாந்துப் போலீஸ் பிடித்துக்கொண்டு போக, நான் போய் ஜாமீன் எடுத்தேன். வாட்ஸாப்பில் விசாரிக்காத சொந்தம் பாக்கி இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அடித்து விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன். யாராவது டீக்கடையில் உரக்க வாசித்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

முதலில் ஒரு திருத்தம். என் மகள் கார் ஓட்டுகிறவள் இல்லை. காருக்கு டயர் பார்க்கிறவள்.

2

நாங்கள் இங்கே வந்தபோது தேன்மொழிக்கு நான்கு வயது. இப்போது இருபத்து மூன்று. என் கணவருக்கு ரயில்வே சிக்னலில் வேலை, எனக்கு ஆஸ்பத்திரி லேபில். நாங்கள் இருவரும் மாறி மாறி ஷிப்ட் பார்த்து வளர்த்த பிள்ளை. வீட்டுக்குள் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பத்து வயதிலிருந்தே அப்படித்தான். தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் கூட்டிப்போனோம். இரண்டு வருடத்தில் அவளுக்கும் அலுத்தது, உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அலுத்தது. வேலை செய்கிற இடத்தில் அவளை 'டென்' என்று கூப்பிடுகிறார்கள். இவ்வளவு அழகான பெயரை வைத்துவிட்டு, ஒருவர் அவளைப் பத்து என்று எண்ணைச் சொல்லி அழைப்பதைக் கேட்க எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மோட்டார் பொறியியல் படித்து முடித்ததும் ஒரு சிறிய பந்தய அணியில் டயர் பொறுப்புக்கு அவளை எடுத்தார்கள். நான் சித்திக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். பஞ்சர் பார்க்கவா இம்புட்டுப் படிச்சா என்று சித்தி கேட்டார். எனக்கும் அன்றைக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. இப்போது தெரியும் என்பதால் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

தேன்மொழியின் அணி ஓட்டுவது டிவியில் வரும் மூக்கு நீண்ட, சக்கரம் வெளியே துருத்திய கார்கள் அல்ல. ஷோரூமில் போய் வாங்கி, இரண்டு பேர் உட்கார்ந்து பெட்டியோடு நெடுந்தூரம் சுகமாகப் போகிறதற்கென்று செய்த கார்கள். அவற்றின் மெத்தை இருக்கையையும் பாட்டுப் பெட்டியையும் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் கூண்டு கட்டி ஓடவிடுகிறார்கள். இந்த வகைக்குப் பெயர் ஜிடி. கம்பெனியில் அந்தக் கார் எப்படிப் பிறந்ததோ அதை அளவு, எடை, படம் எல்லாம் போட்டு ஒரு புத்தகமாக எழுதி முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு போல்ட் காரில் இருக்கக் கூடாது. ஒரு கம்பெனியின் கார் இயல்பிலேயே வேகம் என்றால் அதற்குள் எடைக்கட்டி வைப்பார்கள், அல்லது இன்ஜின் சக்தியைக் கொஞ்சம் இறுக்கிவிடுவார்கள். போன பந்தயத்தில் ஜெயித்த கார் அடுத்த பந்தயத்தில் ஓட்டுநர் மாற நடுவே நிற்கும்போது சில வினாடிகள் கூடுதலாக நிற்க வேண்டும். யாரும் காசு பலத்தில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு ஏற்பாடும்.

டயருக்கு விதி இன்னும் கடுமை. எல்லா அணிக்கும் ஒரே கம்பெனி டயர்தான், ஒவ்வொன்றுக்கும் ஒட்டிய எண் உண்டு, இத்தனைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு உண்டு. சூடேற்றக் கூடாது. மேலே எதையும் தடவக் கூடாது. ரப்பரை இளக்குகிற மருந்து தடவினால் சாலையை நன்றாகப் பிடிக்குமாம். அந்தத் திருட்டைச் செய்தவர்கள் முன்பு இருந்திருக்கிறார்கள். டயருக்குள் காற்றைத் தவிர வேறெதுவும் சேரக் கூடாது, டயருக்கு வெளியே தரையைத் தவிர வேறெதுவும் படக் கூடாது என்று தேன்மொழி எனக்குச் சுருக்கமாகச் சொன்னாள். அந்த அணியில் டயர் சம்பந்தமான தாள் எல்லாவற்றிலும் அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். ஒரு பந்தயப் பருவத்துக்கு மட்டும் ஒப்பந்தம். சரியாகச் செய்தால் அடுத்த வருடமும் உண்டு.

3

முருகேசனுக்கு விசா எடுக்கிற வேலையை நான்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தேன். நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு கேள்வி. அவனிடம் கேட்டேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் இரண்டு இருக்கிறது, அதை யார் பார்ப்பது என்று கேட்டான். அதையே ஆங்கிலத்தில் எழுதி ஜீப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். விசா வந்துவிட்டது.

போடி மெட்டு ஏறுகிற ஜீப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரணக் காரியம் இல்லை. அதிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக மேலே போய், சாயங்காலம் இறங்க வேண்டும். அந்தப் பிழைப்பில் இருக்கிறவர்கள் சாமிக்கு ஒரு குறை வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் முருகேசன் வண்டியை எடுப்பான். புது வண்டி, பழுது பார்த்து வந்த வண்டி, கடன் வாங்கிய வண்டி எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. ஹீத்ரோவிலிருந்து எங்கள் காரில் ஏறும்போதே சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். பழம் இருந்தால் அங்கேயே வைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

தேன்மொழியை அவன் கடைசியாகப் பார்த்தது அவளுக்குப் பதினான்கு வயதில். நேரே வந்து, 'ஆத்தா, என்ன இப்படி வளந்துட்டே' என்று கன்னத்தை வழித்தான். அவள் "ஹாய் மாமா" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அவனுடைய வேகமான ஊர்ப் பேச்சு அவளுக்குப் பிடிபடாததால், முதல் வாரம் முழுக்க இருவருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பு. அவன் எஸ்டேட் பக்கம் போய்ப் பழகிய பழக்கத்தில், ஆங்கிலம் வராத இடத்தில் மலையாளத்தைப் போட்டுப் பார்த்தான். அதுவும் அவளுக்குப் புரியவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஜிடி விதிகளை அவள் சொல்ல, நான் தமிழில் அவனுக்குச் சொன்னேன். பாதியிலேயே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. நம் பக்கத்தில் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று வகை பிரித்து விடுவார்கள் அல்லவா. மாட்டின் உயரத்தை அளந்து எந்த வகை என்று முடிவு செய்வதிலேயே பாதி ஊர் கைகலப்புக்குத் தயாராகிவிடும்.

"இது நம்ம மாட்டு வண்டிப் பந்தயந்தேன்க்கா," என்றான். "பூஞ்சிட்டோட பெரிய மாட்ட விட்டா சண்டை வராதா? அதான் அளந்து அளந்து விடுறாக."

அதை நான் ஆங்கிலத்தில் தேன்மொழிக்குச் சொன்னபோது அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, மாட்டை எப்படி அளப்பார்கள், கூன் போட்டு நிற்க வைத்து ஏமாற்ற முடியாதா என்று கேட்டாள். முடியும், அதற்கென்றே பழக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றான் அவன். அதன்பிறகு இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. பேப்பரில் படம் போட்டே பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு மாமாவையும் கூட்டிவா என்று அவளே சொன்னாள். இத்தனை நாளில் என்னை ஒரு பந்தயத்துக்கும் அவள் கூப்பிட்டதில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

4

பந்தய மைதானம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம். வாசலில் கையில் ஒரு காகித வளையம் கட்டிவிட்டார்கள். அது இருந்தால் அணியின் கூடாரம் வரை போகலாம். என் கணவருக்கு அன்று ஷிப்ட். நானும் தம்பியும் மட்டும்தான்.

வழியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் நிறுத்தச் சொல்லி வலைப்பையில் எலுமிச்சம்பழம் வாங்கினான். வெயிலுக்கு ஜூஸ் போடுவதற்கென்று நினைத்தேன். நம் ஊர்ப் பழம் போலச் சிறிசாக, தோல் மெல்லிசாக இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டான். இங்கத்துப் பழம் கைக்கு அடங்காது. தோல் விரல் தடிமன். பிழிந்தால் சாறு வராது, வாசனைதான் வரும். இதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கூடாரத்தில் தேன்மொழி அணியின் சட்டை போட்டுக்கொண்டு, முடியை இறுக்கிக் கட்டி, டயருக்கு டயர் குனிந்து காற்றழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். வீட்டில் ஒரு தட்டைக் கழுவ நாலு முறை சொல்ல வேண்டிய பெண். அவளைச் சுற்றி நின்ற ஆண்கள் அவள் சொன்ன இடத்தில் சக்கரத்தை வைத்து, எடு என்றால் எடுத்தார்கள். என் பெருமையை முருகேசனிடம் காட்டிக்கொள்ளாமல் காப்பி வாங்கப் போகிறேன் என்று நகர்ந்தேன். அங்கே நீண்ட வரிசை. நான் திரும்பி வந்தபோது கார் கூடாரத்தை விட்டுப் புறப்பட்டுப் போயிருந்தது. தரையில் கறுப்பு விரிப்பின் மேல் மஞ்சள் மஞ்சளாக நசுங்கிக் கிடந்ததை முருகேசன் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். என்னடா இது என்றேன். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றான்.

நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். இதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

பந்தயம் ஒரு மணி நேரம். நடுவில் ஓட்டுநர் மாறுவார், டயர் மாறாது. எங்கள் கார் ஒன்பதாவதாகப் புறப்பட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி, மூன்றாவதாக வந்தது. அந்தச் சிறிய அணிக்குப் பரிசு மேடை கிடைத்தது அதுதான் முதல் முறை. பெரிய அணிகளின் டயர்கள் கடைசியில் தேய்ந்து வழுக்க, எங்கள் டயர்கள் தாங்கின. அவள் காலையில் வைத்த காற்றழுத்தத்தால்தான் அது என்று அணியின் மேலாளர் தேன்மொழியின் தோளைத் தட்டினார். முருகேசன் எனக்குத் தெரியாத யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

5

மேடைக்குக் கூப்பிடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் எங்கள் காரின் எண்ணைச் சொன்னார்கள். முடிவு தற்காலிகம், விசாரணை நிலுவையில் என்று அறிவித்தார்கள்.

மேலாளர் வந்து சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பந்தயத்துக்கு முன் கார்கள் வரிசை கட்டும் இடத்தில் ஏதாவது இரண்டு மூன்று காரைத் தேர்ந்தெடுத்து டயரைச் சோதிப்பார்களாம். கையடக்கமான ஒரு கருவி. டயர் மேல் பிடித்தால், ஆவியாகிற ரசாயனம் ஏதாவது இருக்கிறதா என்று மோப்பம் பிடித்து எண் காட்டும். எங்கள் காரில் நான்கு டயருக்கும் எண் எகிறிவிட்டது. இரண்டு முறை திரும்பப் பார்த்தும் அப்படியே. நாங்கள் எதுவும் தடவவில்லை, வேண்டுமானால் பிறகு விசாரியுங்கள் என்று மேலாளர் உறுதியாகச் சொல்லி ஓட்டியிருக்கிறார். பந்தயம் முடிந்த சந்தோஷத்தில் அவருக்கே அது மறந்துவிட்டது. தேன்மொழி அப்போது கூடாரத்திலிருந்து மாற்று டயர்களோடு வேறு பக்கம் போயிருந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது சொன்னார்கள். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. டயர் தாளில் கையெழுத்து அவளுடையது. தடவியது யார் என்று தெரியாவிட்டால் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு.

அணியின் டப்பாக்களை எல்லாம் அதிகாரிகள் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்கள். கூடாரத்தில் நின்ற எனக்குத் தரைவிரிப்பிலிருந்து ஒரு வாசனை வந்தது. அது எனக்கு அன்றாடம் பழகிய வாசனை. எங்கள் லேபில் சதைத் துணுக்கை மெழுகில் பதித்துச் சீவி, கண்ணாடியில் வைத்துச் சோதிப்போம். அந்த மெழுகைக் கரைக்க முன்பெல்லாம் கடுமையான ஒரு ரசாயனம் இருந்தது. இப்போது நாற்றம் வேண்டாம் என்று ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெயில் செய்ததைத் தருகிறார்கள். அது கையில் பட்டால் ரப்பர் கையுறை பிசுபிசுத்துப் போகும். இத்தனை வருடத்தில் எத்தனை கையுறையை அப்படித் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

முருகேசனைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டேன். எத்தனை பழம் வைத்தாய்? நான்கு சக்கரத்துக்கும் வைத்தேன் என்றான். அதன் தோலில் இருக்கிற எண்ணெய்தான் ரப்பரை இளக்கும் மருந்து, கருவி மோப்பம் பிடித்தது அதைத்தான் என்று நான் சொன்னதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாமிக்குப் பழந்தானக்கா வச்சேன். மருந்தா வச்சேன்?"

நேரே போய் மேலாளரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அப்புறம் விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி எனக்குக் காட்டினார். அதில் இரண்டே வழிதான் இருந்தது. வெளியாள் யாரோ டயரில் எதையோ படவிட்டிருந்தால், அணிக்கு அந்தப் பந்தயத்தின் முடிவு மட்டும் போகும். அணியைச் சேர்ந்தவரே செய்திருந்தால், அவருடைய அனுமதி அட்டை பருவம் முடியும்வரை பறிபோகும். அட்டை இல்லாதவரை எந்த அணியும் வைத்துக்கொள்ள முடியாது.

முருகேசன் வெளியாள். அதனால் மூன்றாம் இடம் போகும், என் மகளின் வேலை தப்பும். எனக்கு உயிர் வந்தது.

6

விசாரணை அறை ஒரு மாடி அறை. உள்ளே மூன்று பேர், நடுவில் தலைவராக ஒரு பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கமாட்டார் என்பதால், அவன் சொல்வதை நானே சொல்லலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் ஒரு படிவம். கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா என்று எழுதினேன். டயர் பொறுப்பாளருக்கு என்ன உறவு என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

தலைவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். முருகேசன் ஜீப்பில் தொடங்கி வெள்ளிக்கிழமை வரை எல்லாவற்றையும் சொன்னான். நான் அதை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ஓரத்தில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கூடாரத்திலிருந்து எடுத்து வந்த நசுங்கிய பழத்தின் மேல் கருவியைப் பிடித்தார்கள். எண் எகிறியது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான்கையும் நீங்கள்தான் வைத்தீர்களா, அணியில் யாருக்காவது தெரியுமா என்று தலைவர் கடைசியாகக் கேட்டார்.

"நாலும் நாந்தேன் வச்சேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எழுதுறதெல்லாம் எம்பேர்லயே எழுதிக்கிறச் சொல்லுக்கா."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்மொழி அவன் பக்கம் திரும்பினாள். அவளைத் தமிழில் நாலு வார்த்தை பேச வைக்க நாங்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அந்த அறையில், அத்தனை பேர் நடுவில், தமிழில், அதுவும் மாமாவின் ஊர்ப் பேச்சிலேயே பேசினாள்.

"மாமா, பொய் சொல்லாதீக. பின்னாடி ஒரு சக்கரத்துக்கு நான்தான வச்சேன்."

முருகேசன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என்னிடம்கூட மறைத்துவிட்டான்.

டென் என்ன சொன்னார் என்று தலைவர் என்னைக் கேட்டார்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அவள் பயந்துபோய் மாமாவுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் முழுசாக என் வாய்க்குள் வந்து நின்றது. ஒரு தாய் வேறென்ன செய்வாள்? இத்தனை வருடம் அந்நிய நாட்டில் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு படிவத்திலும் நான் ஒரு பொய் எழுதியதில்லை. இந்த ஒன்றைச் சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றியது. தேன்மொழி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்காகக் காத்திருந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, தலைவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னொரு முறையும் சொன்னேன்.

அதன்பிறகு தலைவர் அவளிடமே கேட்டார். விதி தெரியுமா என்றார். தெரியும் என்றாள். பிறகு ஏன் வைத்தீர்கள் என்றார். பழம்தானே, நாலு அடி ஓடினால் போய்விடும் என்று நினைத்தேன், நினைத்தது தவறு, விதிப் புத்தகத்துக்குள் அடங்குகிற காரணம் என்னிடம் வேறில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் செய்தவர் அணியின் ஆள், விதிக்கு நோக்கம் முக்கியமில்லை. மூன்றாம் இடம் போயிற்று. அட்டையும் போயிற்று. படிக்கட்டில் வைத்து மேலாளர் அவளிடம் கை நீட்ட, கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது.

7

இதுதான் நடந்தது. போலீஸ் வரவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சலும் இல்லை. தலைவர் அம்மாள் முருகேசனுக்குக் கைகொடுத்து, உங்கள் மலைப்பாதையை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொன்னார். அவன் நிஜமாகவே தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டான்.

தேன்மொழி இப்போது ஒரு வேன் பட்டறையில் இருக்கிறாள். பருவம் முடிந்ததும் வேறு இரண்டு அணிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அந்த விண்ணப்பத்திலும் தண்டனை ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம் வருகிறது. ஆம் என்று எழுதி அனுப்புகிறாள். ஒரு அணியிடமிருந்து இன்னும் பதில் இல்லை, இன்னொன்று மறுத்துவிட்டது. சித்தி போன் போட்டால் தயவுசெய்து இதை அவளிடம் கேட்க வேண்டாம்.

அன்று மாலை வீடு திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். நெடுஞ்சாலைக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. இருவரையும் போட்டுத் திட்டினேன். அவனை, அறிவில்லாமல் கண்ட இடத்தில் பழத்தை வைத்ததற்கு. அவளை, இத்தனை படித்து, விதியை எனக்கே வகுப்பு எடுத்துவிட்டு, தானே போய் வைத்ததற்கு. முருகேசன் பின் இருக்கையில் தலை நிமிரவில்லை. தன்னால் பிள்ளை பிழைப்பு போனது என்று அவனுக்கு அழுகை. தன்னை ஊருக்கு ஏற்றிவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆங்கிலத்தில்தான் திட்டினேன் என்று நினைக்கிறேன், எனக்குச் சரியாக நினைவில்லை. சாமி, சடங்கு என்றால் கேலி பண்ணுகிறவள், பொங்கலுக்குக்கூட லீவு போடாதவள், உனக்கு என்னடி வந்தது, உன்னை யார் வைக்கச் சொன்னது என்று கேட்டேன்.

அதுதான் உலகத்திலேயே சாதாரணமான விஷயம் என்பதுபோலத் தேன்மொழி சொன்னாள்.

"மாமா மூணு வச்சுட்டாகம்மா. நாலாவதுக்கு டயர் அடுக்கு இடிச்சு அவுகளுக்குக் கை எட்டல. மூணோட விட்டா எப்படி?"

மூன்று சக்கரத்துக்கு வைத்து ஒன்றை வெறுமனே விட்டு வண்டியை எடுக்க என்னாலும் முடியாது. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் நானே வாங்கி வைத்திருப்பேன். அதை அவளிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், அவளும் தமிழிலேயே, தெரியும்மா என்றாள்.